கொரில்லா அரசனின் மறைநகரம்: ஆபிரிக்கா பற்றிய மேனாட்டு வெகுசனக் கற்பனையின் ஒரு கூறு

1959ஆம் ஆண்டு ஏப்பிரல் - மே மாதங்களுக்குரியதாக ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த 'ஃபிளாஷ்' என்னும் சித்திரக்கதைச் சஞ்சிகையின் 106ஆவது இதழில் ஒரு நகரம் அறிமுகஞ் செய்யப்பட்டது. ஆபிரிக்காக் கண்டத்தின் உட்பகுதியில், மனிதர் எவரும் அறியாத இடத்தில் அது அமைந்துள்ளது. அதன் குடிகள் கொரில்லாக்கள். பேச்சும் சிந்தனையும் கைவரப்பெற்ற அவர்கள் விஞ்ஞானத்தில் மனித குலத்தையே விஞ்சி நிற்பவர்கள். அவர்களின் தலைவனாகிய சொலொவார் அறிவும் அடக்கமும் வாய்ந்தவன். பிறர் மனத்தை அடக்கியாளும் ஆற்றலின் இரகசியத்தை அறிந்திருந்தும் அதனைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தாதவன். அவ்விரகசியத்தைக் கவர்ந்து உலகாள முனையும் குரொட் என்ற மற்றொரு கொரில்லா கதையின் பகைவனாகின்றான். கதையை எழுதியவர் ஜோன் புறூம். ஓவியந் தீட்டியவர் கார்மைன் இன்பன்டீனோ.

பத்து சதம் கொடுத்துச் சிறுவர் வாங்கிப் படித்துவிட்டு எறியும் ஒரு பொருளை வரலாற்று ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது பொருந்துமா என்ற வினா எழலாம். ஒரு சமூகம் தன் உயர் இலக்கியங்களில் எச்சரிக்கையோடு மறைத்துக்கொள்ளும் எண்ணங்களைத் தன் விளையாட்டுப் பொருள்களிலே வெளிப்படையாக விட்டுவைப்பதுண்டு. பேரரசுகளின் வரலாற்றை எழுதுவோர் பாராளுமன்ற அறிக்கைகளைப் படிக்கும் அக்கறையோடு இவற்றையும் படிக்க வேண்டியவராயுள்ளனர். எம்மைப் பொறுத்தவரை இக்கதை எழுப்பும் வினா எளிமையானது: ஆபிரிக்காவின் நடுவே உயர் நாகரிகம் கொண்ட ஒரு நகரத்தைக் கற்பனை செய்த அமெரிக்க வெகுசனக் கலை, அந்நகரத்தை ஆபிரிக்கருக்குக் கொடுக்காது கொரில்லாவுக்குக் கொடுத்தது ஏன்?

விடையைத் தேடுவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 'கொரில்லா' என்ற சொல்லே இவ்விடத்துப் பெரிதும் கவனத்துக்குரியது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் காதேஜ் நகரத்து அன்னோ என்ற கடலோடி ஆபிரிக்காவின் மேற்குக் கரையோரமாகச் சென்றதைக் கூறும் ஒரு சிறு நூல் கிரேக்க மொழியிற் கிடைக்கின்றது. அதன் இறுதிப் பகுதியில், ஒரு தீவிலே உடலெங்கும் மயிரடர்ந்த காட்டு மாந்தரைக் கண்டதாகவும், அவர்களுட் பெரும்பாலோர் பெண்களென்றும், மொழிபெயர்ப்பாளர் அவர்களைக் 'கொரில்லை' என அழைத்தனரென்றும் கூறப்படுகின்றது. ஆடவர் தப்பியோடினர், பிடிபட்ட பெண்கள் மூவர் கொல்லப்பட்டு அவர்தம் தோல்கள் காதேஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவர்கள் மனிதரா, குரங்குகளா என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஆயின் அந்நூல் அவர்களை மாந்தர் என்றே குறிப்பிட்டது என்பதை மறத்தலாகாது. 1847இல் அமெரிக்க மிசனரி தோமஸ் சவேஜ், கபோன் ஆற்றுப் பகுதியிற் கிடைத்த மண்டையோடுகளை உடற்கூற்றறிஞர் ஜெப்ரிஸ் வைமனோடு சேர்ந்து ஆராய்ந்து, மேனாட்டு விஞ்ஞானம் அதுவரை அறியாத ஒரு வாலில்லாக் குரங்கினத்தை விவரித்தபோது, அப்பழம் பெயரையே அதற்குச் சூட்டினார். மாந்தரைக் குறித்து வந்த ஒரு பெயர் விலங்கின் பெயராயிற்று. எல்லைக்கோடு தொடக்கத்திலேயே அழிந்திருந்தது.

அக்கோடு அழிந்ததனாற் பயன்பெற்றோர் பலர். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. 1861இல் போல் டு ஷயூ தம் ஆபிரிக்கப் பயணநூலை இலண்டனில் வெளியிட்டு, நெஞ்சிலடித்துக்கொண்டு பாயும் கொரில்லாவை ஆங்கில வாசகருக்குக் காட்டினார். அதே ஆண்டு மே மாதத்தில் 'பஞ்ச்' என்ற நகைச்சுவைச் சஞ்சிகை ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. அதிலே ஒரு கொரில்லா கோலூன்றி நிற்கின்றது. தான் மனிதனும் சகோதரனுமா என வினவும் பலகை அதன் கழுத்தில் தொங்குகின்றது. டார்வின் வாதத்தைப் பற்றிய பகிடி என்றே இது பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் அவ்வினா கொரில்லாவினுடையதன்று. 1787இல் அடிமை வணிக எதிர்ப்பாளருக்காக ஜொசையா வெஜ்வுட் வார்ப்பித்த பதக்கத்தில், விலங்கிட்ட கைகளை உயர்த்தி மண்டியிட்டிருந்த கறுப்பு மனிதன் உலகை நோக்கிக் கேட்ட கேள்வி அது. எழுபத்துநான்கு ஆண்டுகளின் பின், அமெரிக்காவில் அடிமை முறையின் பொருட்டு உள்நாட்டுப் போர் தொடங்கிய அதே வசந்த காலத்தில், அவனுடைய கேள்வியைப் பறித்துக் குரங்கின் கழுத்தில் மாட்டிவிட்டனர். பகிடி என்பது சில வேளைகளில் மிகத் துல்லியமான வரலாற்று ஆவணமாகிவிடுகின்றது.

கேலிச்சித்திரத்தோடு இது நின்றிருந்தால் நாம் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1906ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க் நகரின் புறொங்ஸ் மிருகக்காட்சிச்சாலையின் குரங்குக் கூண்டிலே, ஒராங்குட்டானோடு சேர்த்து, ஓட்டா பெங்கா என்ற கொங்கோ நாட்டு இளைஞன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டான். 1904இல் சென் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக அழைத்துவரப்பட்டவன் அவன். கறுப்பின மதகுருமார் கூடி எதிர்த்ததன் பின்னரே காட்சி நிறுத்தப்பட்டது. ஊர் திரும்ப வழியின்றி 1916இல் வேர்ஜீனியா மாநிலத்தில் அவன் தற்கொலை செய்துகொண்டான். மிருகக்காட்சிச்சாலையை நடத்தும் சங்கம் இதற்காக வருத்தம் தெரிவித்தது 2020ஆம் ஆண்டிலே. நூற்றுப் பதினான்கு ஆண்டுகள்!

இனி நகரத்துக்கு வருவோம். 1871 செப்டெம்பரில் கார்ல் மௌக் என்ற ஜேர்மானியப் புவியியலாளர், லிம்போப்போ, சம்பேசி ஆறுகளுக்கிடைப்பட்ட மேட்டுநிலத்தில் மாபெரும் கற்கட்டடங்களின் இடிபாடுகளைக் கண்டார். சாந்தின்றிக் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள். பெருஞ்சுற்றின் வெளிமதில் ஏறத்தாழ 250 மீற்றர் சுற்றளவும் சில இடங்களில் 11 மீற்றர் உயரமும் கொண்டது. வாயிலின் மரத்துண்டொன்றை வெட்டிப் பார்த்த மௌக், அது தம் பென்சிலின் மரத்தை ஒத்திருக்கக் கண்டு, இது லெபனோன் நாட்டுத் தேவதாரு. ஆகவே கட்டியவள் சேபா நாட்டு அரசி என்று முடிவு செய்தார். ஒரு பென்சில் கொண்டு ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு முழுவதையும் அழித்தெழுதிய நிகழ்ச்சி இதுவன்றிப் பிறிதொன்றில்லை.

பின்வந்தோர் அவரினும் முனைந்து நின்றனர். செசில் றோட்சின் பிரித்தானியத் தென்னாபிரிக்கக் கம்பனி அப்பிரதேசத்தைக் கைப்பற்றிய மறு ஆண்டே, அதாவது 1891இல், அதன் ஆதரவோடு ஜே. தியோடோர் பென்ட் அங்கு அகழ்வு நடத்தி, கட்டியோர் வடக்கிலிருந்து வந்த பழங்குடியினரே, ஆபிரிக்கரல்லர் என்றார். றிச்சர்ட் ஹோல் என்பவர் 1902 தொடக்கம் 1904 வரை இடிபாடுகளைத் 'துப்புரவாக்கும்' பணியில் ஈடுபட்டார். அவர் குப்பையென அள்ளியெறிந்த மண்படைகளே உண்மையான சான்றுகளைக் கொண்டிருந்தன. 1905இல் டேவிட் றண்டல்-மக்கைவர் முறையான ஆய்வு நடத்திக் கட்டடங்கள் ஆபிரிக்கருடையனவென்றும் இடைக்காலத்தனவென்றும் நிறுவினார். குடியேறிய வெள்ளையர் கொதித்தெழுந்தனர். 1929இல் கேர்ட்ரூட் கேற்றன்-தொம்சன், பின்னாளில் எரிக்கோ அகழ்வாற் புகழ்பெற்ற கதலீன் கென்யன் முதலியோரை உடன்கொண்டு மீண்டும் அகழ்ந்து அதே முடிவை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்தினார். சோனா மொழி பேசுவோரின் முன்னோர் 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை எழுப்பிய அந்நகரத்தினுள் சீனத்துப் பீங்கானும் பாரசீகக் கலமும் கிடைத்தமை, இந்து சமுத்திர வணிகத்தோடு அது நெருங்கிய தொடர்பு பூண்டிருந்ததைக் காட்டுகின்றது. உண்மை தெரியாதிருந்தது என்பதன்று பிரச்சினை. 1965இல் இயன் சிமித்தின் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தபின், நகரைக் கட்டியோர் ஆபிரிக்கரே எனத் திட்டவட்டமாகக் கூறும் உத்தியோகபூர்வ வெளியீடுகள் விரும்பப்படவில்லை. நினைவுச்சின்னப் பரிசோதகராயிருந்த தொல்லியலறிஞர் பீற்றர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டு வெளியேறினார். பெருஞ்சிம்பாப்வே பற்றிய அவருடைய நூல் 1973இல் வெளிவந்தது. 1980இல் விடுதலைபெற்ற நாடு அந்த இடிபாட்டின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது.

இவ்விடிபாடு ஆங்கிலக் கதையுலகை ஆட்கொண்டது இயல்பே. றைடர் ஹகார்ட்டின் 'சொலமன் அரசனின் சுரங்கங்கள்' 1885இல் வெளிவந்தது. அவருடைய 'ஷீ' நாவலில் ஆபிரிக்கக் குகைகளுள் அழிந்துபோன பழைய நாகரிகமொன்றின்மீது அரசோச்சுபவள் வெண்ணிறத்தவள். எட்கார் றைஸ் பரோஸ் 1913இல் எழுதிய இரண்டாவது டார்சன் கதையில் ஓப்பார் என்ற மறைநகரம் வருகின்றது. அதனைக் கட்டியோர் அத்லாந்திசு கண்டத்தவர். அங்கே பூசாரினி அழகிய வெள்ளைப் பெண். ஆடவர் குரங்கினை ஒத்தவர். பீனீசியர், சேபா, அத்லாந்திசு என்று பெயர்கள் மாறினவேயொழியச் சூத்திரம் மாறவில்லை. நகரம் இருக்கலாம், ஆபிரிக்கர் இருக்கக்கூடாது.

இவ்வளவு தூரம் வந்த சூத்திரம் அடுத்த படிக்குச் செல்வதில் வியப்பில்லை. அப்படியை எடுத்துவைத்தவரும் பரோசே. 1933 - 34இல் தொடராக வெளிவந்த 'டார்சனும் சிங்க மனிதனும்' என்ற கதையில் ஆபிரிக்கப் பள்ளத்தாக்கொன்றிலே கொரில்லாக்களின் நகரம் உள்ளது. அதன் பெயர் இலண்டன்; அருகே ஓடும் ஆறு தேம்ஸ்; ஆள்பவன் எட்டாம் ஹென்றி. ஆங்கில விஞ்ஞானியொருவர் வெஸ்ற்மின்ஸ்ரர் கல்லறைகளிலிருந்து திருடிய உயிரணுக்களைக் கொரில்லாக்களுக்கு ஏற்றியதனால் விளைந்த நகரம் அது. தம்மைக் 'கடவுள்' என்று அழைத்துக்கொள்ளும் அவ்விஞ்ஞானியைப் படைத்தபோது பரோஸ் கிண்டலாகவே எழுதினார் என்பதில் ஐயமில்லை. பேரரசின் தலைநகரத்தைக் குரங்குகளின் வாழிடமாக்கிய துணிச்சல் இன்றும் சிரிப்பையே தருகின்றது. எனினும் அக்கிண்டலும் ஒன்றைத் தவிர்த்தே செல்கின்றது. கொரில்லா ஆங்கிலேயன் ஆகலாம். கொரில்லா அரசனாகலாம். நகரைச் சூழ்ந்து வாழும் மண்ணின் மக்களுக்கு மட்டும் அம்மாற்றத்தில் பங்கில்லை.

மாற்றுக் கற்பனை இருக்கவில்லையா எனில், இருந்தது. பொலீன் ஹொப்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் பொஸ்ரன் நகரிலிருந்து வெளிவந்த சஞ்சிகையொன்றில் 1902 - 1903இல் எழுதிய 'ஒரே குருதியினர்' என்னும் தொடர்கதையில், பழைய மெரோவே நகரின் இடிபாடுகளுக்கடியில் எத்தியோப்பியரின் மறைநகரம் ஒன்று செழித்திருக்கின்றது. அமெரிக்காவிலே கறுப்பனாகப் பிறந்த மருத்துவ மாணவனே அதன் அரசுரிமைக்கு உரியவன். டார்சன் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. ஆனால் டார்சன் உலகமெங்கும் சென்றான். ஹொப்கின்சின் கதை பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. ஆகவே கற்பனை வறட்சியைப் பற்றியன்று நாம் பேசுவது. எந்தக் கற்பனைக்குச் சந்தை கிடைத்தது என்பதைப் பற்றியே.

சந்தையைப் பற்றிப் பேசுவோர் இன்னொரு விளக்கமுங் கூறுவர். 1951இல் 'விசித்திர சாகசங்கள்' என்ற சஞ்சிகையின் 8ஆவது இதழ், மனித மூளை வாய்ந்த குரங்கொன்றை அட்டையிற் கொண்டு வெளிவந்து வழக்கத்தை மீறி விற்பனையாயிற்று. அதன்பின் எல்லாச் சஞ்சிகைகளும் கொரில்லா அட்டைக்குப் போட்டியிட்டனவென்றும், மாதத்துக்கு ஒன்றுக்குமேல் ஆகாதென நிறுவனம் வரையறுக்க நேர்ந்ததென்றும் பதிப்பாசிரியர் ஜூலியஸ் சுவார்ட்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். கொரில்லா விற்றது, ஆகவே கொரில்லா வந்தது. இது உண்மையே, ஆனால் பாதி உண்மை. எதனால் விற்றது என்பதையும், கொரில்லாவுக்கு நகரமும் செங்கோலும் கொடுப்பதற்கு ஏன் எத்தடையும் எழவில்லை என்பதையும் விற்பனைக் கணக்கு விளக்குவதில்லை.

தடை எங்கே எழுந்தது என்று பார்த்தால் விடை தெளிவாகும். 1954இல் சித்திரக்கதை வெளியீட்டாளர் தமக்குத் தாமே ஒரு தணிக்கை நெறியை வகுத்துக்கொண்டனர். 1956இல் ஈ.சி. என்ற நிறுவனம், இயந்திர மனிதர் நிறம் காரணமாக ஒருவரையொருவர் ஒதுக்கும் கிரகமொன்றைப் பற்றிய தன் பழைய கதையை மறுபிரசுரஞ் செய்ய விரும்பியது. அக்கிரகத்தைச் சோதிக்க வந்த விண்வெளிவீரன் கடைசிச் சட்டத்திலே தலைக்கவசத்தைக் கழற்றுகின்றான். அவன் கறுப்பினத்தவன்; முகத்தில் வியர்வைத் துளிகள். தணிக்கை அதிகாரியான நீதிபதி சார்ல்ஸ் மேர்பி அவன் கறுப்பனாக இருத்தலாகாதென்றார். வெளியீட்டாளர் வில்லியம் கெயின்ஸ் பணிய மறுத்துக் கதையை மாற்றமின்றி வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின் அதே தணிக்கை முத்திரையுடன் சொலொவார் அரசனாக வலம்வந்தான். ஓர் அறிவார்ந்த கறுப்பு மனிதன் தணிக்கையில் தடுமாறினான். அறிவார்ந்த கொரில்லா எவ்விதத் தடையுமின்றிக் கடந்து சென்றது. கொரில்லா வாக்குரிமை கேட்கப் போவதில்லை. லிற்றில் றொக் பாடசாலையின் படிகளில் ஏறப்போவதுமில்லை.

இவ்வாறு கூறுவதனால் புறூமின் கதையை நிறவெறிப் படைப்பென ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. உண்மையில் 'பஞ்ச்' சித்திரத்தை அது தலைகீழாக்குகின்றது. மனிதர் கையில் அகப்பட்டுக் கூண்டிலிருக்கும் சொலொவார், தன் மக்களின் இருப்பிடம் வெளிப்பட்டுவிடக் கூடாதென்பதற்காக அறிவற்ற விலங்கைப் போல் மௌனஞ் சாதிக்கின்றான். ஓட்டா பெங்காவின் கூண்டை அறிந்த வாசகனுக்கு இக்காட்சி வேறு பொருள் தரும். ஆசிரியர் அதனை அறிந்து எழுதினாரா என்பது இங்கு முக்கியமன்று. வெள்ளையர் கண்டுபிடித்துவிட்டால் நகரம் நிலைக்காது என்ற அச்சம் கதையின் அடித்தளமாயுள்ளது. அது வரலாறு நன்கறிந்த அச்சம். கொரில்லாவின் வாயிலே வைக்கப்பட்டமையால் மட்டுமே அச்சேற முடிந்த அச்சம். பின்னாளில் வந்த கதைகள் இதையும் கெடுத்தன. கொரில்லாக்களின் அறிவு வேற்றுலகத்தவர் வருகையாற் கிட்டியதென அவை கூறலாயின. மௌக்கின் பென்சில் குரங்குகளையும் விட்டுவைக்கவில்லை!

அக்கதை வெளிவந்த ஆண்டையும் நோக்க வேண்டும். 1957இல் கானா விடுதலை பெற்றது. 1959 ஜனவரியில் லியோபோல்ட்வில் நகரமக்கள் பெல்ஜிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தனர். 1960இல் பதினேழு ஆபிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. ஆபிரிக்கர் தம் தலைநகரங்களில் தாமே ஆட்சியேறிய வேளையில், அமெரிக்கச் சிறுவன் ஆபிரிக்கத் தலைநகரமொன்றிற் கண்ட அறிவார்ந்த ஆட்சியாளன் கொரில்லா. இதே 1959இலேதான் ஜோர்ஜ் ஷாலர் என்ற இளம் விலங்கியலாளர் விருங்கா மலைகளில் உண்மையான மலைக்கொரில்லாக்களிடையே தம் கள ஆய்வைத் தொடங்கினார். டு ஷயூ காட்டிய கொடிய விலங்கை அவர் அங்குக் காணவில்லை. இலைதழை உண்டு, குட்டிகளைப் பேணி, சண்டையைத் தவிர்த்து வாழும் அமைதியான கூட்டங்களையே கண்டார்.

நம்மவருக்கு இவ்விடத்தில் கிட்கிந்தை நினைவுக்கு வருதல் இயல்பு. வான்மீகியின் கிட்கிந்தையும் குகைநகரே. அங்கும் அரசும் அமைச்சும் உண்டு. ஒப்புமையை அதற்குமேல் நீட்டுவது தவறு. ஆனால், வானரர் எனப்பட்டோர் தென்னாட்டு மக்களே. வென்றோரின் காவியம் அவர்களைக் குரங்காக்கிற்று என்ற வாதத்தைத் திராவிட இயக்கத்தார் முன்வைத்தமை நாமறிந்ததே. அவ்வாதத்தின் வரலாற்று வலிமை எவ்வாறாயினும், அதனை எழுப்பிய உணர்வு 'பஞ்ச்' சித்திரத்தைக் கண்ட கறுப்பினத்தவனின் உணர்வோடு உறவுடையது.

நமக்கு இன்னும் அண்மையான தொடர்பொன்றும் உண்டு. குரங்குகள் ஆள, மனிதர் விலங்காகும் கிரகத்தைப் பற்றிய நாவலை 1963இல் எழுதிய பியேர் பூல், 1936 முதல் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர். அத்தோட்டங்களில் பால்வெட்டியோருட் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர். ஆள்வோரும் ஆளப்படுவோரும் இடம்மாறினால் என்னாகும் என்ற கேள்வி துரைமார் விடுதியின் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தோன்றாதிருந்தாலன்றோ வியப்பு. அந்நாவலிலும் 1968இல் வந்த திரைப்படத்திலும் கொரில்லாக்கள் அரசரல்லர், வேட்டைக்காரரும் படையினருமே. சொலொவாரின் அறிவுமுடி அங்கு வேறு குரங்கினங்களுக்குச் சென்றுவிட்டது.

மறைநகரம் ஆபிரிக்கருக்கு அமெரிக்க வெகுசனச் சித்திரக்கதையிற் கிடைத்தது 1966 ஜூலையில். ஸ்ரான் லீயும் ஜக் கேர்பியும் 'ஃபன்ரஸ்ரிக் ஃபோர்' சஞ்சிகையின் 52ஆவது இதழில் வக்கண்டா என்ற நாட்டையும் அதன் அரசன் ற்'சல்லாவையும் படைத்தனர். விஞ்ஞானத்தில் முன்னேறிய, அந்நியரால் வெல்லப்படாத, கறுப்பரே கறுப்பரை ஆளும் நாடு. சொலொவார் அரியணையேறிய ஏழு ஆண்டுகளின் பின்னரே இது நிகழ்ந்தது, இடையே கண்டத்தின் பெரும்பகுதி விடுதலை பெற்றுவிட்டது, லுமும்பா கொல்லப்பட்டுவிட்டார். வக்கண்டாவையும் கொரில்லா நெடுநாள் விட்டுவைக்கவில்லை. 1969 மார்ச் மாத 'அவெஞ்சர்ஸ்' இதழில் ற்'சல்லாவின் அரியணைக்குப் போட்டியாளனாக ம்'பாக்கு வந்தான். வெள்ளைக் கொரில்லாவை வணங்கி அதன் தோலைப் போர்த்த கறுப்பு மனிதன் அவன். அவனுக்கு இடப்பட்ட பட்டப்பெயர் 'மனிதக் குரங்கு'. வக்கண்டா 2018இல் திரைப்படமாகி உலகமெங்கும் ஓடியபோது ம்'பாக்குவும் அதில் இடம்பெற்றான். மலைநாட்டுக் குடிகளின் தலைவனாக, கொரில்லா வழிபாட்டோடு, நகைச்சுவையும் கம்பீரமும் உடையவனாக அவன் வந்தான். பட்டப்பெயரை மட்டும் படத்தில் எவரும் உச்சரிக்கவில்லை.